நாற்பத்தேழுக்கு முன்னால் ஓர் ஒன்று

கார்கள் ஒவ்வொன்றாக நேரம் வைத்து மலை ஏறும் எங்கள் மலையேற்றப் பந்தயத்தில் ஒரு காரை இரண்டு பேர் ஓட்டலாம். கார் ஒன்றுதான், எண் மட்டும் இரண்டு. முதல் ஆள் நாற்பத்தேழு என்றால் இரண்டாவது ஆள் நூற்று நாற்பத்தேழு. இரண்டாவது ஆள் ஏறும்போது, காரின் மூக்கில் எழுதியிருக்கும் நாற்பத்தேழுக்கு முன்னால் கறுப்பு ஒட்டுநாடாவைக் கிழித்து ஒரு கோடு ஒட்டுவார்கள். அதுதான் அந்த ‘ஒன்று’. ஓட்டி முடித்து இறங்குகிறவர் அதை உரித்துவிட வேண்டும். அண்ணன் தம்பி, அப்பா மகள், புருஷன் பெண்டாட்டி என்று ஹேகில் மலையில் இப்படி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். விவாகரத்து ஆகிப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் ஒரே காரில் மாறி மாறி ஏறி இறங்கியவர்கள் லோர்னா சக்டனும் நெவில் அக்ராய்டும் மட்டும்தான்.

அன்பினால் அல்ல, செல்லங்களே. காரைப் பிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காரை 1963இல் லோர்னாவின் அப்பா ஹெட்லி சக்டன் கம்பளி ஆலைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தானே கட்டினார். ஒருவர் மட்டும் உட்காரும் கார். சுருட்டுப் பெட்டிபோல ஒல்லியாக, பச்சை நிறத்தில் இருக்கும். ஆயிரத்தைந்நூறு சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சின். 1974 ஜூலையில் அவர் அதில் எங்கள் மலையை 31.84 நொடியில் ஏறினார். அதற்குப் பிறகு அந்தக் காரில் யாரும் அதைவிட வேகமாக ஏறியதில்லை. சாகும்போது காரில் பாதியை மகளுக்கும் மறுபாதியை மருமகனுக்கும் எழுதி வைத்தார். அப்போது அவர்கள் சேர்ந்திருந்தார்கள். மகளைத் தன் உயிர் இருந்தவரை அந்தக் காரில் அவர் உட்காரவே விட்டதில்லை. மருமகனை விட்டார்.

ஒருவருக்கொருவர் விற்க மாட்டார்கள். மூன்றாம் ஆளுக்கும் விற்க மாட்டார்கள். ஆகவே வருஷத்துக்கு ஆறு பந்தயம், ஆறு நாள், காருக்கு இரண்டு பக்கமும் நின்று முறைத்துக்கொள்வார்கள். தேவையான வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். பேசினால் அது கடிக்கும்.

2016 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோர்னா நெவிலைத் தன் கொட்டகைக்கு வரச் சொன்னாள். அவள் சிநேகிதி என்று கூட நானும் இருந்தேன், டீ போட. மேசைமேல் துணி விரித்து மூன்று குவியலாகச் சாமான்களை வைத்திருந்தாள்.

அதற்கு முந்தைய பந்தயத்தில் அவள் 31.97 நொடியில் ஏறியிருந்தாள். மூன்றாவது வளைவைத் தாண்டி நேர்ப்பாதையில் எஞ்சின் ஏழாயிரம் சுற்றைத் தொட்டதும் விக்கியது. கீழே நின்ற எங்கள் எல்லோருக்குமே அது கேட்டது. படபடவென்று தடுமாறி, பிறகு சரியானது. அந்த விக்கல் இல்லாமல் இருந்தால் அப்பாவின் நேரத்தைத் தாண்டியிருப்பாள்.

விக்கலுக்குக் காரணம் டிஸ்ட்ரிபியூட்டர். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கிட்டுத் தரும் குடுவை அது. உள்ளே ஒரு தண்டு சுற்றும். அந்தத் தண்டைச் சுற்றுவது கேம் தண்டு, கேம் தண்டைச் சுற்றுவது ஒரு சங்கிலி. சங்கிலி நெகிழ்ந்து, பல் தேய்ந்து, தண்டு துடித்து, வேகம் ஏற ஏறப் பொறி வரவேண்டிய கணத்தில் வராது. ஒரு முறை முந்தும், ஒரு முறை பிந்தும்.

“இது என்ன, சைக்கிள் சக்கரமா?” என்றான் நெவில். மூன்றாவது குவியலில் இருந்த பல்சக்கரத்தை விரல் நுனியால் தள்ளினான்.

“கிராங்க் முனையில மாட்டற சக்கரம். முப்பத்தாறு பல்லுக்கு இடம். ஒரு பல்லை எடுத்துட்டாங்க. அந்த இடைவெளி எப்ப வருதுன்னு பக்கத்துல ஒரு சென்சார் பார்த்துக்கிட்டே இருக்கும். எஞ்சின் எந்த நிலையில இருக்குன்னு இந்த எலக்ட்ரானிக் பெட்டிக்குத் தெரிஞ்சுடும். சங்கிலி வேணாம், தண்டு வேணாம், குடுவையே வேணாம்.”

“பல்லு போன சக்கரம். உனக்குப் பொருத்தமாத்தான் தேடிப் பிடிச்சிருக்க.”

“வாயை மூடிக்கிட்டுப் பாரு. இல்லன்னா போய் உன் வேன்ல உக்காரு.”

அவன் முதல் குவியலைப் பார்த்தான். அதில் ஒரு சின்னக் கறுப்புத் துண்டும் இரண்டு கம்பியும் மட்டும் இருந்தன. “இது போதுமே. பொறிக்காகத் திறந்து மூடற பாயின்ட்டை மட்டும் எடுத்துட்டு இதைக் குடுவைக்குள்ள வெச்சு மூடிட்டா யாருக்கும் தெரியாது. ஊர்ல பாதிப் பேரு இதைத்தான் செய்றான்.”

“செய்வான். தெரியாமச் செய்யறதுல நீங்கள்லாம் கெட்டிக்காரங்க. ஆனா அதையும் அதே தண்டுதான சுத்துது? ஆடற மேசையில நல்ல தராசை வெச்சா நிறை சரியா வந்துடுமா?”

“அப்ப இது?” இரண்டாவது குவியல் பெரியது. நாலு பிளக்குக்கும் தனித்தனியாக மின்னழுத்தம் தரும் நாலு காயில் சுருள், கை தடிமனுக்கு ஒரு கம்பிக் கட்டு.

“நல்ல சாமான்தான். ஆனா கரண்ட்டைக் குடிக்கும். நம்ம கார்ல சார்ஜ் ஏத்த ஒண்ணும் கிடையாது, சின்ன பேட்டரி. நான் ஒரு ஓட்டம், நீ ஒரு ஓட்டம் போனதும் செத்துடும். அதான் மூணாவது. ரெண்டே காயில். ஒவ்வொண்ணும் ஒரே நேரத்துல ரெண்டு பிளக்குல பொறி தட்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி ஆறு வோல்ட்டுக்கு இறங்கினாக்கூட பெட்டி வேலை செய்யும். சோதிச்சுப் பாத்துட்டேன்.”

“ரெண்டு பிளக்குலயும் ஒரே நேரத்துல தட்டினா ஒரு பொறி வேலை செய்யும். இன்னொண்ணு புகைபோற சிலிண்டருக்குள்ள வீணாப் போகும்.”

“போகட்டும். உன்கூடக் குடித்தனம் பண்ணின இருபத்தஞ்சு வருஷத்தைவிடவா வீணாப் போயிடப்போகுது?”

நான் டீயைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

நெவிலுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். “லோர்னா, குடுவையைக் கழட்டினா பழைய கார் வகுப்புல இருந்து நம்மளைத் தூக்கி மாத்தம் செஞ்ச கார் வகுப்புல போட்டுடுவாங்க. அங்க நமக்கு அஞ்சாவது இடம்கூடத் தேறாது. பழைய கார் வகுப்புல நான் ரெண்டு பாயின்ட் முன்னால இருக்கேன். ஹெட்லி பேருல இருக்கற கோப்பை. செப்டம்பர்ல அது என் கைக்கு வரணும்.”

“எனக்குக் கோப்பை வேணாம். எனக்கு 31.83 வேணும்.”

“வகுப்பு மாறிட்டா அந்த நேரம் ஹெட்லியோட நேரத்தோட சேர்த்தி ஆகாது.”

“காகிதத்துல ஆகாது. மலைக்கு ஆகும்.”

இரட்டை ஓட்டத்துக்கு எங்கள் கழகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு கார், ஒரு வகுப்பு, ஒரு விண்ணப்பம். இரண்டு உரிமையாளர்களும் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் போட மறுத்தால் கார் வாசலைத் தாண்டாது. அது அவர்கள் இருவருக்குமே தெரியும்.

நெவில் சுவரோரம் அலமாரியில் இருந்த பழைய குடுவையைக் கையில் எடுத்தான். பழுப்பு மூடி, அலுமினிய உடம்பு. குழந்தையைத் தூக்குவதுபோலத்தான் தூக்கினான். “இது ஹெட்லியோட கை வேலை. உள்ள இருக்கற எடைக்கட்டிய அவரு ராவிருக்காரு பாரு, அது மாதிரி இன்னைக்கு எவனாலயும் ராவ முடியாது. இதைத் தூக்கிப் போட்டுட்டு டப்பாவ மாட்டப் போறியா? பெத்த அப்பனுக்கு மரியாதை இல்லையா?”

லோர்னா துணியால் கையைத் துடைத்தாள், விரல் விரலாக.

“அதை ராவினது நான். எழுபத்துநாலுல, ஏப்ரல் மாசம். உனக்கு 1983லயே சொன்னேன். சமையலறையில, நீ முட்டை தின்னுக்கிட்டிருந்த. கேட்டுட்டுச் சிரிச்ச.”

“இப்பவும் சிரிப்பேன்.”

“சிரி.”

அதுதான் விஷயம், செல்லங்களே. அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. கடிகாரமும் அளவுகருவியும் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சோதனை மேசையில் வேலை. குடுவைக்குள் இரண்டு எடைக்கட்டி இருக்கும். வேகம் ஏறும்போது அவை விரிந்து பொறியை முன்தள்ளும். எவ்வளவு விரியவேண்டும், எந்த வேகத்தில் விரியவேண்டும் என்பதில்தான் சூட்சுமம். மதிய இடைவேளையில் அவற்றை ராவி ராவி, வில்லை மாற்றி மாற்றி, மூன்று மாதம் செலவழித்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஹெட்லி மாட்டினார். ஜூலையில் சாதனை படைத்தார். விருந்தில் “நானே ராவினேன்” என்று சொன்னார். அவள் அந்த மேசையிலேயே தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்து சொன்ன ஒரே ஆள் நெவில். அவன்தான் சிரித்தான்.

அதனால்தான் அந்தக் குடுவையின் எல்லை எதுவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தேய்ந்துபோனது அவளுடைய வேலை. அதைக் கழற்றும் உரிமையும் தன்னுடையது என்று நினைத்தாள்.

நெவில் கையெழுத்துப் போடாமல் போனான்.

அவளுக்கு அவசரம் இருந்தது. அந்த அவசரம் என்னவென்று எனக்கும் கண் டாக்டருக்கும் மட்டும் தெரியும். இடது கண்ணில் நடுப்பாகம் கரைந்துகொண்டே வந்தது. நேராகப் பார்த்தால் எதிரே இருப்பவரின் மூக்கு இருக்காது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவள் நான். ஜனவரியில் ஓட்டுநர் உரிமத்துக்கு டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும், போட மாட்டேன் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டார். ஆகவே செப்டம்பர்ப் பந்தயம்தான் அவளுக்குக் கடைசி. இரண்டு ஓட்டம். ஒன்று முப்பத்திரண்டு நொடி என்று வைத்தாலும் மொத்தம் ஒரு நிமிஷம் நாலு நொடி.

நெவிலிடம் கண்ணைப் பற்றிச் சொல்லேன் என்றேன். “அவன் இரக்கப்படறதைப் பார்க்கறதுக்கு நான் குருடாவே ஆயிடலாம்” என்றாள்.

பதிலாக, காரில் தன் பாதியைத் தருகிறேன் என்று அவனுக்கு எழுதினாள். இந்த ஒரு பந்தயத்துக்கு, பொறி தட்ட என் இக்னிஷன், என் வகுப்பு. அன்று மாலையிலிருந்து கார் முழுக்க உன்னுடையது.

அவன் ஒரு வாரம் பதில் போடவில்லை. என்ன சூழ்ச்சி என்று யோசித்திருப்பான். பிறகு ஒத்துக்கொண்டான். இந்த வருஷக் கோப்பை போனால் போகிறது, இனி வரும் எல்லா வருஷமும் கார் அவனுடையது.

பந்தயத்தன்று காலை கார்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றன. எங்கள் பரிசோதகர் டெரிக் ஹேக், வயசாளி. கையில் பன்றியிறைச்சி ரொட்டியோடு காரைச் சுற்றி வந்தார். குடுவை இருந்த துளையில் அலுமினிய அடைப்பு. கிராங்க் முனையில் பல்சக்கரம், அதன் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் சென்சார். சீட்டுக்குப் பின்னால் கைப்பிடி அளவு பெட்டி. எல்லாம் அவள் கை வேலை, சுத்தமாக இருந்தது.

“அப்ப ஹெட்லியோட காரு மாத்தம் செஞ்ச வகுப்புல” என்றார் டெரிக். “காலம் போற போக்கு.”

“பேசாம முத்திரைய குத்துங்க டெரிக்” என்றாள் லோர்னா.

நெவில் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். கழகத்தின் நிபந்தனைத் தாள்போலத் தட்டச்சு செய்திருந்தான். அவனுக்கு ஒரே பயம், பந்தயம் முடிந்ததும் அவள் நல்ல டயரையும் கியர்ப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு கூட்டை மட்டும் கொடுத்துவிடுவாள் என்று. ஆகவே இப்படி எழுதியிருந்தான்: ‘இன்று காலைப் பரிசோதனையில் எப்படி நிற்கிறதோ அப்படியே, அதில் பூட்டியிருக்கும் ஒரு திருகும் குறையாமல், பூட்டாத எதையும் கோராமல்.’ கடைசி வார்த்தைகள் பார்வைக்கு நியாயமாக இருக்கட்டும் என்று போட்டது. அவன் கொட்டகையில் அவளுடைய கருவிகள் சில கிடந்தன, அவற்றை அவள் திருப்பிக் கேட்டுவிடக்கூடாது என்றும்தான்.

லோர்னா வலது கண்ணுக்கு நேராகத் தாளைப் பிடித்து, ஒரு வரியைக்கூட விடாமல் படித்தாள். இரண்டு முறை படித்தாள். அவனைப் பார்த்தாள்.

“இது நீயே எழுதினதா?”

“ஏன், பிழை இருக்கா?”

“இல்ல. அருமையா இருக்கு.” காரின் மூக்குமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

டெரிக் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். “உங்க கல்யாணத்துக்கும் நான்தான் சாட்சி போட்டேன். அது என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல” என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டே அடுத்த காருக்குப் போனார்.

முதல் ஓட்டம் மதியத்துக்கு முன்னால். லோர்னா போனாள், 32.01. பாதை இன்னும் குளிர்ந்திருந்தது, டயர் பிடிக்கவில்லை. ஆனால் நேர்ப்பாதையில் எஞ்சின் ஏழாயிரத்து நானூறு வரை ஒரே குரலில் போனது. விக்கல் இல்லை. கீழே நின்றவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

அடுத்து நெவில். நாற்பத்தேழுக்கு முன்னால் கறுப்பு நாடாவை ஒட்டினான், ஏறினான், போனான். 32.36. நாற்பது வருஷத்தில் அவன் அந்தக் காரில் எடுத்த மிக நல்ல நேரம் அது. திரும்பும் பாதையில் காரை உருட்டிக்கொண்டு கீழே வந்து நிறுத்தியவன், உடனே இறங்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். தான் திட்டித் தீர்த்த சாமான் தனக்கே அந்த நேரத்தைக் கொடுத்ததை அவனால் விழுங்க முடியவில்லை. பிறகு இறங்கி, யாரையும் பார்க்காமல் வேனுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நாடாவை உரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவன் மறந்ததில்லை.

ஒரு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம், இரண்டாவது ஓட்டத்துக்குத் தயாராக இருப்பவர்கள் வரிசை பார்க்காமல் வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். லோர்னா ஓடினாள். அறுபத்துமூன்று வயதுப் பெண் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே ஓடியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடப்பக்கமாக ஏறினாள். காரின் மூக்குப் பக்கம் போகவில்லை. போயிருந்தாலும், அந்தக் கண்ணுக்குக் கறுப்பு நாடா தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நேரம் குறிக்கும் அறையில் நானும் பியூலாவும் இருந்தோம். பியூலா கணினியில், நான் காகிதத்தில். தொடக்கக் கோட்டில் இருப்பவர் காரின் மூக்கைப் பார்த்து எண்ணைச் சொல்வார். “நூற்று நாற்பத்தேழு” என்று வயர்லெஸ்ஸில் வந்தது. பியூலா தட்டினாள். நான் எழுதினேன். தலைக்கவசத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று அந்த அவசரத்தில் யார் பார்ப்பார்கள்?

பச்சை விளக்கு. கார் போனது. முதல் வளைவு, இரண்டாவது. மூன்றாவது வளைவில் எல்லோரும் பிரேக் பிடிப்பார்கள், டயர் முனகும் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. நேர்ப்பாதையில் எஞ்சின் கத்தி மாதிரிப் போனது, ஒரு பொறிகூடத் தவறாமல்.

31.79.

ஒலிபெருக்கி முழங்கியது: “நெவில் அக்ராய்ட். முப்பத்தொன்று புள்ளி ஏழு ஒன்பது. ஹெட்லி சக்டனின் நேரத்தைவிடக் குறைவு.” கைதட்டினார்கள். முதல் துளி எங்கள் தகரக் கூரையில் விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் பாதை ஆறாக ஓடியது.

லோர்னா நனைந்து வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அறை வாசலில் நின்றாள். “ஓட்டினது நான்.”

“எண்ணு நூத்து நாப்பத்தேழு கண்ணு” என்றாள் பியூலா.

“நாடாவ அவன் உரிக்கல. காருக்குள்ள இருந்தது நான். வெளிய நிக்கற கார்ல என் சீட்டு மெத்தை இருக்கு, போய்ப் பாரு.”

“நான் நம்பறேன். ஆனா விதி உனக்குத் தெரியும். எண்ணு யார் பேருல இருக்கோ அந்த ஆளு, ‘இது நான் ஓட்டலை’ன்னு அவங்க கையால எழுதிக் குடுக்கணும். இல்லன்னா நேரம் அவங்களோடதுதான். உனக்கு இன்னொரு ஓட்டம் பாக்கி இருக்கு, வேணும்னா போ.”

மூவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அந்த மழையில் நாற்பது நொடிக்குக் குறைவாக யாராலும் ஏற முடியாது.

“அவன்கிட்ட கேட்டுப் பாரு” என்றேன்.

“காலையில ஒரு கையெழுத்துக்குக் காரைக் குடுத்தேன். இப்ப குடுக்க என்கிட்ட என்ன இருக்கு?” சத்தம் போடவில்லை அவள். “கேக்க மாட்டேன்.”

போய்விட்டாள். பியூலா முடிவுப் பட்டியலை அச்சடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகார்நேரம் அரை மணி. இருபது நிமிஷம் போனது. வெளியே நெவிலை ஆட்கள் தோளில் தட்டுவது தெரிந்தது. அவன் ஒவ்வொரு கையையும் உதறினான். இருபத்திரண்டாவது நிமிஷம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

“அந்த மறுப்புத் தாளைக் குடு பியூலா.”

பியூலா கொடுத்தாள். அவன் நின்றபடியே எழுதினான். பேனா தாளைக் கிழித்துவிடும்போல இருந்தது.

“நல்லது செஞ்ச நெவில்” என்றேன்.

“அவளுக்காக இல்ல.” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “ஹெட்லி பேருக்கு மேல என் பேரு வரக்கூடாது. நான் செத்தாலும் வரக்கூடாது. அவ பேரே வரட்டும். அந்த மனுஷனை மிதிச்சது அவரு பெத்த பொண்ணுதான்னு ஊர் பூரா படிக்கட்டும்.”

பட்டியல் ஒட்டப்பட்டது. லோர்னா சக்டன், 31.79. அவள் அதை மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“என்ன சொல்லிக் கையெழுத்துப் போட்டான்?”

நான் மறைக்கவில்லை. அவன் சொன்னபடியே சொன்னேன். அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள். “மிதிச்சேன்னா சொன்னான்? சரி. அவனாவது ஒத்துக்கிட்டானே.”

அடுத்த சனிக்கிழமை நெவில் காரை எடுத்துப்போக இழுவை வண்டியோடு வந்தான். லோர்னா கொட்டகையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவன் டயரைப் பார்த்தான், கியர்ப் பெட்டியைத் தட்டினான், திருகுகளை எண்ணாத குறை. எல்லாம் இருந்தது. வண்டியில் ஏற்றிக் கட்டினான். பிறகு அலமாரியைப் பார்த்துக் கை நீட்டினான்.

“அதைத் தொடாத” என்றாள்.

“குடுவை காரோடது.”

“தாளைப் படி. பூட்டியிருந்த ஒரு திருகும் குறையாம, பூட்டாத எதையும் கோராம. உன் எழுத்து. போன சனிக்கிழமை பரிசோதனையில குடுவை கார்லயா இருந்தது?”

அவன் கை அங்கேயே நின்றது. தாளை எடுக்கவில்லை, அவனுக்கு மனப்பாடம். அப்போதுதான் அவனுக்கு முழுக்க உறைத்திருக்கவேண்டும். பழைய கார்களுக்குக் கழகம் அடையாளப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் படம் ஒட்டியிருக்கும். சக்டன் காரின் புத்தகத்தில் இக்னிஷன் பக்கத்தில் ஒட்டியிருப்பது அந்தக் குடுவை, உள்ளே ராவிய எடைக்கட்டி தெரிய மூடியைத் திறந்து எடுத்த படம். அது இல்லாமல் பழைய கார் வகுப்பு இல்லை. பழைய கார் வகுப்பு இல்லாமல் ஹெட்லி சக்டன் கோப்பை இல்லை.

“திட்டம் போட்டுச் செஞ்சிருக்க.”

“நீ எழுதின தாளு. நான் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.”

“இதை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போற? உன்கிட்ட காரே இல்ல.”

“பண்ண ஒண்ணும் இல்ல.”

“என்ன வேணும், சொல்லித் தொலை.”

லோர்னா குடுவையை எடுத்து மேசைமேல் இருவருக்கும் நடுவில் வைத்தாள். “விலை வேணாம். இது யார் கை வேலைன்னு ஒரே ஒரு தடவை சொல்லு. இவ முன்னால சொன்னாப் போதும். எடுத்துக்கிட்டுப் போ.”

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நெவில் குடுவையையே பார்த்தான். வாய் திறந்தது. மூன்று எழுத்துப் பெயர், அதைச் சொன்னால் குடுவை, பழைய கார் வகுப்பு, கோப்பை, எல்லாம் அவனுடையது. ஆனால் அதைச் சொன்னால், நாற்பது வருஷம் அவன் கும்பிட்ட மனிதர் ஒரு விருந்து மேசையில் எல்லார் முன்னாலும் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். அவரிடம் தொழில் கற்றேன் என்று சொல்லித் திரிந்த அவனும் பொய் ஆகிவிடுவான்.

“நீ ரொம்பக் கெட்டவ லோர்னா” என்றான்.

“சொல்லி முடிச்சுட்டியா? கிளம்பு.”

அவன் கிளம்பினான்.

ஜனவரியில் டாக்டர் சொன்னபடியே செய்தார். ஏப்ரலில் முதல் பந்தயத்தின் பட்டியல் வந்தது. நாற்பத்தேழு, நெவில் அக்ராய்ட், மாற்றம் செய்த கார் வகுப்பு. முன்னால் ‘ஒன்று’ ஒட்டுகிற ஆள் இனி இல்லை.

லோர்னா தொடக்கக் கோட்டில் வேலைக்கு வந்தாள், ஆரஞ்சு நிற உடுப்பில். சரிவில் கார் பின்னால் உருண்டுவிடாமல் பின்சக்கரத்துக்கு ஆப்பு வைக்கும் வேலை. ஒரு கண் இருந்தால் போதும் அதற்கு. நாற்பத்தேழு வந்தபோது அவளே குனிந்து ஆப்பை வைத்தாள். நெவில் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் காரின் டயரைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பச்சை விளக்கு. கார் அவள் ராவாத, அவள் தேர்ந்த பொறியோடு மலை ஏறியது. அவள் ஆப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, அடுத்த கார் பின்னால் உறுமுவதையும் பொருட்படுத்தாமல், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழாயிரத்து நானூறு. ஒரு விக்கல் இல்லை.

“மூணாவது வளைவுல பிரேக் பிடிச்சுட்டான்” என்றாள் என்னிடம். அடுத்த காருக்கு ஆப்பு வைக்கக் குனிந்தாள்.